சம்பை வெட்டுவதா, மாற்றுவதா: லாண்ட்ரோவருக்குள் 3எல் எஞ்சின் இறக்குமுன்

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு அண்ணன் தன் லாண்ட்ரோவரை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தார். சீரிஸ் 3, முன் பின் அச்சுகளுக்கிடையே 88 அங்குலம் கொண்ட சட்டம் (ஷாஸி). அதன் சொந்த 2,286 சிசி எஞ்சின் இனித் தேறாது என்ற நிலை. ஹையேஸ் வானிலிருந்து கழற்றிய டொயோட்டா 3எல் டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி, கியர்பொக்ஸோடு சேர்க்கும் தட்டையும் லேத்தில் செய்வித்து வைத்திருந்தார். செயின் புளொக்கில் தொங்கவிட்டு மெதுவாக இறக்கினோம். கியர்பொக்ஸின் நேருக்கு வர இரண்டு விரற்கடை இருக்கும்போதே எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பின் அடி, முன் அச்சின் டிஃப் உருண்டையில் (இரு சில்லுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்கள் இருக்கும் உருண்டை) தட்டி நின்றுவிட்டது.

அண்ணன் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, இந்த அடியை வெட்டிப்போட்டு ஒரு தகட்டை ஒட்டினாச் சரிதானே? மறுகா என்ன?"

இதே கேள்வியைப் படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கமும் லாண்ட்ரோவர் வைத்திருக்கும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வெட்டி ஒட்டுவது ஒரு வழி. அதே எஞ்சினுக்கு வேறு வண்டியில் வந்த சம்பைத் தேடிப் போடுவது இன்னொன்று. அச்சு மேலே வருவதைக் கட்டுப்படுத்துவது, எஞ்சினை உயர்த்திப் பொனற்றை மாற்றுவது, சட்டத்தில் கை வைப்பது என்று மற்ற வழிகளும் உண்டு. எல்லாம் ஒரே விலையுமல்ல, ஒரே ஆபத்துமல்ல.

முதலில் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். லாண்ட்ரோவரின் சொந்தக் கியர்பொக்ஸை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், எஞ்சின் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. கிராங்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) நடுக்கோடும் கியர்பொக்ஸ் உள்தண்டின் நடுக்கோடும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மயிரிழை தவறினாலும் கிளச்சும், கியர்பொக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பெயாரிங்கும் தேய்ந்துபோகும். ஆகவே அந்த வண்டியில் "எஞ்சினைக் கொஞ்சம் மேலே வைப்போம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்ப் இடம் விட வேண்டும், அல்லது அச்சு இடம் விட வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸின் கியர்பொக்ஸ், விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கி வைப்பவருக்கு மட்டுந்தான் மேலே கீழே அசைக்கும் சுதந்திரம். அவருக்கும் தண்டுகளின் சாய்வு ஒரு எல்லை வைக்கும். ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸிலிருந்து டிஃபுக்குப் போகும் தண்டின் இரு முனைக் குறுக்குகளும் (தண்டைச் சாய்வில் சுழலவிடும் மூட்டுகள்) ஒரே அளவு சாய்வில் இருக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய இருந்தால் வேகத்தில் வண்டி நடுங்கும், குறுக்கு சீக்கிரம் போகும்.

இரண்டாவது, சம்ப் அச்சில் முட்டுகிறதா என்பதை நிற்கும் வண்டியில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. லாண்ட்ரோவரின் முன் டிஃப் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. பள்ளத்தில் வலச் சில்லு மேலே ஏறும்போது அந்த உருண்டைதான் சம்பைத் தேடி வரும். நான் செய்வது இதுதான்: சட்டத்தைக் கட்டையில் ஏற்றி நிறுத்தி, வலப்பக்க அச்சின் கீழே ஜாக் வைத்து, சட்டத்தில் இருக்கும் இறப்பர்க் கட்டையில் அச்சு அழுந்தும் வரை உயர்த்துவேன். சம்பின் அடியில் வயல் களியை உருட்டி ஒட்டிவிட்டு உயர்த்தினால், எவ்வளவு நசிந்தது என்பதைப் பிறகு அளவுகோல் வைத்தே அளக்கலாம். ஓட்டத்தில் இறப்பர் இன்னும் நசியும், எஞ்சினும் மவுண்டில் ஆடும். அதனால் அந்த நிலையிலும் ஓர் அங்குலம் மிச்சம் இல்லாவிட்டால் நான் வண்டியை வெளியே விடுவதில்லை.

இனி வெட்டுவதைப் பற்றி.

சம்பை ஒயில் நிற்கும் தொட்டி என்று மட்டும் நினைப்பதால்தான் "வெட்டி ஒட்டினால் சரி" என்ற எண்ணம் வருகிறது. அதன் உண்மையான வேலை, வண்டி எந்தப் பக்கம் சரிந்தாலும் பம்புக்கு ஒயிலை உறிஞ்சும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரின் வாயை ஒயிலுக்குள் மூழ்க வைத்திருப்பது. ஸ்ட்ரெய்னர் ஒரு விநாடி காற்றைக் குடித்தாலும் பம்ப் அந்தக் காற்றைத்தான் பெயாரிங்குக்கு அனுப்பும்.

கணக்காகவே பார்ப்போம். சம்பின் ஆழமான குழி 20 சென்ரிமீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 4 சென்ரிமீற்றர் வெட்டினால் போவது 20 × 25 × 4, அதாவது 2,000 கன சென்ரிமீற்றர், சரியாக 2 லீற்றர். 6 லீற்றர் கொண்ட எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு ஒயில் போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது ஒரு பகுதி ஒயில் எப்போதும் மேலேயும் சுவர்களிலும் இருக்கும் என்பதால், குழியில் நிற்பது இன்னும் குறைவு. சரி, மேலே கூட ஊற்றி 6 லீற்றர் ஆக்குவோம் என்றால், கிராங்கின் எதிர்ப்பாரங்கள் ஒயிலில் அடித்து நுரையாக்கும். நுரை என்பதும் காற்றுத்தான்.

சரிவையும் சேர்த்துப் பாருங்கள். வயலிலிருந்து வரம்பில் ஏறும்போது வண்டி 15 பாகை சாய்ந்தால், 25 சென்ரிமீற்றர் நீளக் குழியில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒயில் மட்டத்தில் கிட்டத்தட்ட 7 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். குழி ஆழமாக இருந்தபோது அது ஒரு பொருட்டல்ல. 4 சென்ரிமீற்றர் வெட்டிய பிறகு, எந்த முனையில் ஸ்ட்ரெய்னர் இருக்கிறதோ அந்த முனை காய்ந்து போகலாம்.

இதை நான் கணக்கில் படிக்கவில்லை. தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு ஜீப்புக்கு 2எல் எஞ்சின் இறக்கினேன். சம்பை ஒன்றரை அங்குலம் வெட்டி, தட்டையாகத் தகடு ஒட்டி, ஸ்ட்ரெய்னர் குழாயை வளைத்து மேலே தூக்கிவிட்டேன். ஒயில் ஒழுகவில்லை, சத்தமில்லை, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. வேளாண்மை வெட்டு நேரம் வெல்லாவெளிப் பக்கம் நெல் மூட்டையோடு வரம்பு ஏறும்போதெல்லாம் ஒயில் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்திருக்கிறது. ஓட்டியவர் வயர் லூஸ் என்று நினைத்திருக்கிறார். மூன்றாம் கிழமை தட்டும் சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தபோது கொனெக்டிங் றொட் பெயாரிங்கின் வெள்ளைப் பூச்சு முழுவதும் போய், செம்பு பளபளவென்று தெரிந்தது. கிராங்கிலும் கோடு. அந்த எஞ்சினை என் காசில் செய்து கொடுத்தேன். அந்தப் பெயாரிங் ஓடு ஒன்று இன்றும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. சம்பை வெட்டச் சொல்லி வருபவர்களுக்கு அதை எடுத்துக் காட்டுவேன்.

அதனால் என் முதல் விருப்பம் வெட்டுவதல்ல, தேடுவது.

ஓர் எஞ்சினை ஒரே வண்டிக்கென்று டொயோட்டா செய்வதில்லை. 3எல் என்ற 2,779 சிசி எஞ்சின் ஹையேஸ் வானிலும் வந்தது, ஹைலக்ஸிலும் வந்தது. வானில் எஞ்சினுக்குக் கீழே முழு அச்சு கிடையாது, அதனால் சம்ப் தாராளமாகத் தொங்கலாம். எல்என்106 போன்ற பழைய 4×4 ஹைலக்ஸில் முன்பக்கம் வில்லும் முழு அச்சும் இருக்கிறது. லாண்ட்ரோவருக்கு இருக்கும் அதே பிரச்சினையை அங்கே தொழிற்சாலையே தீர்த்து வைத்திருக்கிறது. அச்சு வரும் இடத்தில் மேடாகவும், அதற்கு அப்பால் ஆழமாகவும் அழுத்திய சம்ப், அதற்கேற்ற ஸ்ட்ரெய்னர், ஒயில் மட்டம் பார்க்க அதற்கேற்ற அளவுகோல் கம்பி. எத்தனையோ பேர் எத்தனையோ மலைகளில் ஓட்டிச் சோதித்த பொருள். இசூசு 4ஜேபி1 போடுபவர்களுக்கும் இதே வழி உண்டு. எல்ஃப் லொறியில் வந்த சம்பும் ட்ரூப்பரில் வந்ததும் ஒன்றல்ல.

தேடப் போகும்போது எஞ்சின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். உங்கள் சம்பின் விளிம்பைக் காட்போட் அட்டையில் வைத்து வரைந்து, போல்ட் துளைகளைக் குத்தி எடுத்துக்கொண்டு போங்கள். கல்முனையிலோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ கடைக்காரர் எடுத்துத் தரும் சம்பில் அந்த அட்டையை வைத்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும். சம்ப் மட்டும் வாங்கி வருவதுதான் பலரும் செய்யும் பிழை. ஸ்ட்ரெய்னர், அதைப் பிடிக்கும் பிறக்கற், அளவுகோல் கம்பி, அதன் குழாய், நான்கும் ஒரே எஞ்சினிலிருந்து வர வேண்டும். வானின் ஸ்ட்ரெய்னரோடு ஹைலக்ஸ் சம்பைப் போட்டால், ஒன்றில் குழாய் அடியில் முட்டும், அல்லது வாய் ஒயிலுக்கு மேலே நிற்கும். முட்டினால் நல்லது, உடனே தெரிந்துவிடும். மேலே நின்றால் பெயாரிங் சொல்லும்வரை தெரியாது.

இந்த வழியின் குறை காத்திருப்பு. இரண்டு நாளில் வண்டி வேண்டும் என்பவருக்கு ஒத்துவராது. விலையும் வெல்டிங் கூலியை விடக் கூடத்தான் வரும். வாங்கியது துரு ஏறியதாகவும், கல் அடிபட்டு உள்ளே குழிந்ததாகவும் இருக்கக்கூடும். அப்படிக் குழிந்த சம்பை வேண்டாம் என்று விடுங்கள், ஸ்ட்ரெய்னரின் வாய்க்கு நேராகக் குழிந்தது என்றால் பாதை அடைபடும். முக்கியமாக, ஹைலக்ஸின் டிஃபும் லாண்ட்ரோவரின் டிஃபும் அச்சில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சில வேளை மூலையில் கொஞ்சம் தட்டத்தான் செய்யும். ஆனால் ஒரு மூலையை மட்டும் திருத்துவதும் முழு அடியை வெட்டி எறிவதும் ஒன்றல்ல.

தேடியும் கிடைக்கவில்லை, வெட்டியே ஆக வேண்டும் என்றால், ஒழுங்காக வெட்டுங்கள். கீழே எடுத்த கொள்ளளவைப் பக்கத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். டிஃப் வலப்பக்கம் என்பதால் இடப்பக்கத்தில் பெரும்பாலும் இடமிருக்கும். 10 சென்ரிமீற்றர் அகலம், 25 நீளம், 8 ஆழம் கொண்ட ஒரு சிறகுப் பெட்டி வைத்தால் போன 2 லீற்றரும் திரும்பி வந்துவிடும். ஆனால் இப்போது குழி அகலம் 20 இலிருந்து 30 சென்ரிமீற்றர் ஆகிவிட்டது. பக்கவாட்டில் 15 பாகை சரிந்தால் ஒயில் 8 சென்ரிமீற்றர் வித்தியாசத்தில் ஓடும். ஆகவே சிறகுக்கும் குழிக்கும் இடையில் தடுப்புத் தகடு கட்டாயம். அடியில் சிறு வழி விட்டு, ஒயில் குழிக்குள் வரலாம், விரைவாக வெளியே போக முடியாது என்ற மாதிரி அமைக்க வேண்டும். ஸ்ட்ரெய்னரைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு சின்ன வேலி போட்டு, உள்ளே மட்டும் திறக்கும் தகட்டுக் கதவு வைப்பது இன்னும் நல்லது. தடுப்பில்லாத சிறகு ஒயில் ஒளியும் இடமாகிவிடும்.

வெல்டிங்கில் கவனிக்க வேண்டியது சூடு. சம்ப் மெல்லிய இரும்புத் தகடு, வருடக்கணக்கில் ஒயிலில் ஊறியது. நன்றாகக் கழுவிக் காயவிடாமல் ஒட்டினால் வெல்டுக்குள் துளை துளையாக விழும். விளிம்பைத் தனியே விட்டு ஒட்டினால் வாழையிலை வாடுவது போல் சுருளும், பிறகு எந்தப் பெக்கிங்கும் அடைக்காது. பழைய எஞ்சின் புளொக் ஒன்றில் எல்லாப் போல்ட்டும் போட்டு இறுக்கி வைத்துக்கொண்டு, மிக் வெல்டிங்கில் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு நிரப்ப வேண்டும். அவசரமான வெல்டிங் பாஸுக்கு இந்த வேலை சரிவராது. அலுமினியச் சம்ப் என்றால் ஆர்கன் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். ஒயில் குடித்த பழைய அலுமினியம் அவரையும் படாதபாடு படுத்தும்.

ஒட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது போதாது. வெளியே வெல்ட் கோடு முழுவதும் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். மண்ணெண்ணெய் தண்ணீர் போகாத ஊசித் துளைக்குள்ளும் போகும். காலையில் வெள்ளைக் கோட்டில் எங்காவது கருமை படர்ந்திருந்தால் அதுதான் ஓட்டை. அந்த இடத்தை மேலே பூசி மூடாமல், அரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும்.

ஸ்ட்ரெய்னர் குழாயைச் சுருக்கும்போது வளைத்துச் சமாளிக்காமல், வெட்டிப் பித்தளை வைத்து ஒட்டுங்கள். இந்த ஒட்டில் துளை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே ஒழுகாது. உள்ளே காற்றை இழுக்கும், பிறஷர் மட்டும் குறையும், நீங்கள் பம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வாய்க்கும் சம்பின் அடிக்கும் இடையில் நான் 10 மில்லிமீற்றர் அளவு விடுவேன். களியை உருட்டி அடியில் வைத்து, சம்பை ஒருமுறை மாட்டிக் கழற்றினால் அந்த இடைவெளி எவ்வளவு என்று களியே காட்டிவிடும். வாயைச் சுற்றியுள்ள பிறக்கற்றை விட்டுவிடாதீர்கள், டீசல் எஞ்சினின் அதிர்வில் பிடியில்லாத குழாய் வெடித்துப் போகும்.

கடைசியில் அளவுகோல் கம்பி. வடிவம் மாறிய சம்புக்குப் பழைய கோடு பொருந்தாது. சம மட்டத்தில் நிறுத்தி, ஒயிலை லீற்றர் கணக்கில் அளந்து ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓட்டி நிறுத்தி, ஒயில் இறங்கியதும் கம்பியில் அரத்தால் புதுக் கோடு போட வேண்டும்.

இவ்வளவும் செய்தால் வெட்டிய சம்ப் நன்றாகவே ஓடும். ஒரு நாளில் முடியும் என்று யாராவது சொன்னால், இதில் எதையோ விடப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சைக் கட்டுப்படுத்தும் வழியைப் பலர் யோசிப்பதே இல்லை, அது எனக்கு வருத்தம். சட்டத்தில் இருக்கும் இறப்பர்க் கட்டையின் கீழே ஓர் அங்குலக் கட்டை சேர்த்தால், அச்சு அந்த ஓர் அங்குலம் குறைவாகவே மேலே வரும். சம்பில் கை வைக்கவே தேவையில்லை, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். வில்லின் அசைவு குறைவதால் பள்ளத்தில் இடி கூடத் தெரியும் என்பதே இழப்பு. களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு என்று தார் வீதியில் ஓடும் வண்டிக்கு அது பெரிதல்ல. உன்னிச்சைக் காட்டுப் பாதையில் ஓடுபவருக்கு இடுப்புத் தாங்காது. வில்லுக்கு ஒரு தகடு கூட்டியோ, வில்லைச் சட்டத்தோடு தொடுக்கும் ஷெகிளை நீட்டியோ வண்டியை உயர்த்துவதும் இதே வகைதான். ஆனால் ஷெகிளை நீட்டினால் அச்சின் சாய்வு மாறி, ஸ்டியரிங்கின் போக்கும் மாறும். நெல் ஏற்றிய வண்டி உயரமாக நிற்பதும் எனக்குப் பிடிக்காது. இந்த வழி சம்புக்கும் டிஃபுக்கும் இடையில் ஏற்கெனவே இடமிருந்து, போதாமல் இருப்பவர்களுக்கு மட்டும். அண்ணனுடையது போல நிற்கும்போதே முட்டும் வண்டிக்கு இது தனியே உதவாது.

லாண்ட்ரோவரின் கியர்பொக்ஸை விட்டு, தன் கியர்பொக்ஸோடு சேர்ந்தே வரும் எஞ்சினை உயர்த்தி வைத்துப் பொனற்றில் மேடு போடலாம். அலுமினியப் பொனற் என்பதால் தகட்டு வேலை சுலபம். ஆனால் விசிறி ரேடியேற்றரின் நடுவை விட்டு மேலே போகும், நமது வெயிலில் முதலில் அது கழுத்தைப் பிடிக்கும். சட்டத்தையோ குறுக்குச் சட்டத்தையோ வெட்டி இடம் செய்வதை நான் செய்வதில்லை. சம்ப் பழுதானால் எஞ்சின் போகும், சட்டம் உடைந்தால் ஆட்கள் போவார்கள். பந்தயக் கார்களில் இருக்கும் உலர் சம்ப், அதாவது வெளித் தொட்டியும் தனிப் பம்பும், எல்லாச் சிக்கலையும் தீர்க்கும். வயலுக்குப் போகும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எந்த வழி என்றாலும் ஒயில் விளக்கை மட்டும் நம்பாமல் பிறஷர் மீற்றர் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பூட்டுங்கள். பிறஷர் மிகவும் கீழே போன பிறகுதான் விளக்கு எரியும். மீற்றரின் முள் வரம்பில் ஏறும்போது ஒருமுறை தளர்ந்தாலே ஸ்ட்ரெய்னர் காற்றைத் தொடுகிறது என்று தெரிந்துவிடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றிப் பதியும் வேலையையும் எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு கையில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

அண்ணனுக்கு அவசரமில்லை, சிறுபோகத்துக்கு முன் வண்டி கிடைத்தால் போதும் என்றார். அட்டையை வரைந்து கொடுத்தேன். இரண்டு கிழமையில் 4×4 ஹைலக்ஸின் சம்பும், ஸ்ட்ரெய்னரும், கம்பியும் குழாயுமாக ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். மாட்டி, வல அச்சை ஜாக்கில் உயர்த்தினோம். களி முன் வல மூலையில் மட்டும் நசிந்திருந்தது, மற்ற இடமெல்லாம் ஓர் அங்குலத்துக்கு மேல். அந்த மூலையைச் சரிவாக வெட்டி உள்ளங்கை அளவு தகடு ஒட்டினோம். போனது கால் லீற்றருக்கும் குறைவு. சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் ஓர் இரவு.

மறுநாள் மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்கு எடுத்துப் போய், அவருடைய வயல் வரம்பிலேயே ஏற்றினோம். நான் பக்கத்துச் சீற்றில் இருந்து மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும்போது முள் அசையவில்லை. இறங்கும்போது நடுச்சரிவில் நிறுத்தி, எஞ்சினை ஐந்து நிமிடம் அப்படியே ஓடவிட்டோம், அப்போதும் அசையவில்லை. அண்ணன் இறங்கி முன்பக்கம் படுத்துப் பார்த்தார். டிஃப் உருண்டைக்கும் சம்புக்கும் இடையில் தன் மூன்று விரலை நுழைத்து எடுத்து, விரலில் ஒயில் படவில்லை என்று எனக்குக் காட்டினார்.